ஆற்றுப்படையும் தோணிச் செலவும்

பழந்தமிழர் நீர்ச்செலவில் வல்லவர் என்பது பலகாலும் சொல்லப்பட்டு வரும் செய்தி. கலம், நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி, ஓடம், தோணி, புணை, மிதவை என வரும் பெயர்களை அடுக்கிக் காட்டி, இத்துணைப் பெயர் வழங்கிய மக்கள் நீரையே வழியாகக் கொண்டு வாழ்ந்தவராதல் வேண்டும் என்று முடிவு கூறுவாரும் உளர். பெயர்ப்பன்மை தொழிற்பன்மையைக் காட்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒரு தொழில் நாட்டில் நிகழ்தல் வேறு. அது செய்யுளில் செலவாக அமைதல் வேறு. சிறுபடகொன்றில் அமர்ந்து, கழிவழியிலும் கால்வாய் வழியிலும் நெடுந்தொலைவு செல்லும் ஒருவன், தான் கண்டவற்றைத் தன் இருக்கையிலிருந்தே கூறும் பாட்டு நம் இலக்கியத்தில் உண்டா? உண்டெனின் எக்காலத்தது? இவ்வினாவை எழுப்பி, சங்கப் பாட்டுகள் சிலவற்றையும் பாரதிதாசனாரின் 'மாவலிபுரச் செலவு' என்னும் பாட்டையும் ஒருங்கு வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் கழியும்

இவ்வாராய்ச்சிக்கு ஏலகிரி நல்ல தொடக்கமாகும். படகுச் செலவை ஆராயப் புகுவார் மலையிலிருந்து தொடங்குவது பொருந்துமோ எனின், பொருந்தும் என்போம். 2019 வரை வேலூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பத்தூர் மாவட்டத்திலும் அடங்கிய இம்மலை, கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரினும் உயர்ந்தது. மேலேறும் சாலையின் 14 கொண்டையூசி வளைவுகளுக்குக் கபிலர், ஔவையார் முதலிய புலவர் பெயர்களும், பாரி முதலிய வள்ளல்கள் பெயர்களும் இடப்பட்டுள்ளன. புலவரும் வள்ளலும் ஒரே மலைவழியில் அடுத்தடுத்து நிற்கும் இவ்வமைப்பு ஆற்றுப்படையை நினைவூட்டாமற் போகாது. பெயரிட்டோர் அதனைக் கருதினரோ இலரோ, இப்பகுதி உண்மையாகவே ஆற்றுப்படை நிலம். அணித்தே உள்ள சவ்வாது மலையைச் சார்ந்த செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், பத்துப்பாட்டுள் மலைவழியை மிக நுணுக்கமாக உரைக்கும் பாட்டாகும்.

ஏலகிரியின் வடசரிவில் விழும் மழை பாலாற்றை அடைகின்றது. சவ்வாது மலையில் தோன்றி மலைபடுகடாத்தில் இடம்பெறும் சேயாறும் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றது. பாலாறு கருநாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தின் வழியாகத் தமிழகத்துள் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு ஆகிய ஊர்களைக் கடந்து, வயலூருக்கு அருகில் கடலிற் கலக்கும் 348 கிலோமீட்டர் நீளமுடைய ஆறு. ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகவே காட்சி தரும் இவ்வாறு படகுக்கு வழியன்று. எனினும், கடலை அணுகுமிடத்தில் இது வடக்கும் தெற்குமாக ஓடும் பக்கிங்காம் கால்வாயை ஊடறுக்கின்றது. அக்கால்வாயில்தான் பாரதிதாசனார் தோழரொடு தோணியேறினார். ஆற்றுப்படை பிறந்த மலையின் நீரும், தோணிப் பாட்டுப் பிறந்த கால்வாயின் நீரும் ஓரிடத்தில் கலந்தன. இவ்விரு பாட்டுமரபுகளும் அங்ஙனம் கலந்தனவா என்பதே யாம் காணவேண்டுவது.

வண்டியில் உப்பு, படகில் உப்பு

ஆற்றுப்படை நடப்பவனுக்குரிய இலக்கியம். வழியைச் சொல்பவனும் நடந்து வந்தவன்; கேட்பவனும் நடந்து செல்லவிருப்பவன். ஆகவே அதில் நீர் வழியாக வருவதில்லை. வழியில் எதிர்ப்படும் பொருளாகவே வருகின்றது. மலைபடுகடாத்தில் வழுக்கும் நீர்நிலைக் கரைகள் எச்சரிக்கைக்கு உரியன. அங்கே கொடியைப் பற்றிக்கொண்டு செல்க என்பதே கூத்தனுக்குக் கூறப்படும் அறிவுரை. சேயாறும் அவனுக்குத் துணையாவது கரையால். அதன் ஓட்டத்தால் அன்று.

இதனினும் தெளிவான சான்று ஒன்று உளது. பெரும்பாணாற்றுப்படையையும் பட்டினப்பாலையையும் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் ஒரே புலவர். இரண்டிலும் உப்பு வாணிகம் வருகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியிற் செல்கின்றது. அவ்வண்டியைப் புலவர் ஒரு நகரும் இல்லமாகவே காட்டுகின்றார். அதில் கோழிக்கூடு உண்டு. காடி வைத்த கலம் தொங்குகின்றது. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள். நாம் அவ்வண்டியோடு நடக்கின்றோம். அதனுள் நடக்கும் வாழ்க்கையைக் காண்கின்றோம். சிறுபாணாற்றுப்படையிலும் உமணரின் பிள்ளைகள் தம்மோடு வளர்ந்த மந்தியுடன் கிலுகிலுப்பை ஆடுகின்றனர். அவ்வழி எயிற்பட்டினத்தை நோக்கிச் செல்கின்றது என்பதையும், எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என அறிஞர் கருதுவர் என்பதையும் ஈண்டு குறித்துக்கொள்வோம். அவ்வூருக்கு மீண்டும் வருவோம்.

இனிப் பட்டினப்பாலையைக் காண்க. ஆங்கும் உப்பே பொருள். வெள்ளிய உப்பை விற்று நெல்லை ஏற்றிக்கொண்டு மீண்ட பஃறிகள் கழிசூழ்ந்த தோட்டங்களின் அருகே பிணிக்கப்பட்டுள்ளன. அவை நிலையிற் கட்டிய குதிரைகள் போலத் தோன்றுவதாகப் புலவர் கூறுகின்றார். உவமை அழகியது, ஆயின் அது யாருடைய உவமை? கரையில் நிற்பவனுடைய உவமை. அப்படகுகள் எவ்வூர்க்குச் சென்றன, எத்தனை நாள் சென்றன, அவற்றுள் அடுப்பு இருந்ததா, பிள்ளைகள் இருந்தனரா என்பன யாதும் புலப்படவில்லை. அவை சென்று வந்துவிட்டன, கட்டியாயிற்று. ஒரே புலவர், ஒரே பண்டம். வண்டிக்குச் செலவு உண்டு, படகுக்கு வரவு மட்டுமே உண்டு. இவ்வேறுபாடு ஒரு புலவரின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. ஒரு மரபின் பார்வையால் நேர்ந்தது என்றே யாம் கொள்கின்றோம்.

பிற பாட்டுகளும் இதற்கு அரண் செய்கின்றன. புறநானூற்றில் பரணர் முசிறியைப் பாடுமிடத்துக் கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்க்கின்றன. ஆண்டும் தோணி பொருளைக் கரைக்குத் தருகின்றதே அன்றிக் கரையைத் தோணியில் இருப்பாருக்குக் காட்டவில்லை. சிலப்பதிகாரத்தில் வையைத் துறையில் குதிரைமுகமும் யானைமுகமும் அரிமாமுகமும் உடைய அம்பிகள் நிற்கின்றன. இளங்கோவடிகள் அவற்றைக் காட்டிவிட்டு, கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகளோடு மரப்புணை ஒன்றில் தென்கரை சேர்க்கின்றார். கம்பர் காவியத்தில் குகன் படகும் கங்கையைக் கடப்பதற்கே. படகு கடக்கும் கருவி. இக்கரையும் அக்கரையுமே கதைக்கு இன்றியமையாதன. இடையில் உள்ள நீர் விரைவில் முடியவேண்டிய ஒன்று.

கழியில் தேர்

நெய்தல் நிலத்துப் பாட்டுகளிலேனும் படகுச் செலவு இருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால், நெய்தற் பாட்டுகளில் தலைவன் எதில் வருகின்றான்? பெரும்பாலும் தேரில் வருகின்றான். கழியின் சேற்றில் ஆழியும் புரவியின் குளம்பும் அழுந்த வருகின்றான். சில பாட்டுகளில் கோவேறு கழுதையாகிய அத்திரி பூட்டிய ஊர்தியில் வருகின்றான். திமில் தலைவியின் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உரிய தொழிற்கருவி. கழி, தலைவனின் வரவைத் தடுக்கும் இடர். சுறாவும் முதலையும் கழியில் உள்ளன எனத் தோழி கூறுவது அவன் வரவு அரிது என்பதைக் காட்டவே.

இதற்குக் காரணம் யாது? நில அமைப்பையே முதற்கண் நோக்கல் வேண்டும். தொண்டை நாட்டுக் கடற்கரையில் கழிகள் பலவாயினும் அவை தொடர்ந்தவை அல்ல. பழவேற்காடு ஒரு கழி, எண்ணூர் ஒரு கழி, அடையாற்று முகம் ஒன்று, கோவளம் ஒன்று, பாலாற்று முகம் ஒன்று, மரக்காணத்துக் கழுவேலி ஒன்று எனத் தனித்தனியே கிடந்தன. ஒவ்வொன்றிலும் படகு ஓடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்நீர் வழியாக ஓடாது. இடையே மணல்மேடு உண்டு. வெளியே கடல் உண்டு. அதன் அலையோ சிறுபடகை நெடுவழி செல்ல எளிதில் விடுவதன்று. ஆதலின் கழித்தோணி அவ்வக் கழியளவில் அடங்கியது. செலவு தொடர்ச்சியை வேண்டும், தொடர்ச்சி இல்லாத நீரில் கடத்தலும் ஏற்றி இறக்கலுமே நிகழும், செலவு நிகழாது. பாட்டிலும் அவ்வாறே அமைந்தது.

கடற்செலவு இல்லையோ எனின், உண்டு. மணிமேகலையில் சாதுவன் கலம் உடைந்து நாகர் தீவை அடைகின்றான். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் (1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது) பூங்குழலி கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குப் படகு செலுத்துகின்றாள். இவற்றுள் முன்னது இடையூற்றின் கதை. பின்னது இரவுக் கடப்பின் கதை. இரண்டிலும் நாற்புறமும் கடலே உளது. காணுதற்குக் கரை இல்லை. கரையை இடைவிடாது கண்டுகொண்டே நீரில் செல்லுதல் என்னும் தனி அனுபவம் இவற்றுள் இல்லை, இருக்கவும் இயலாது.

கால்வாய் வந்த வரலாறு

அவ்வனுபவத்தைத் தமிழகத்துக்குத் தந்தது கால்வாய். 1806ஆம் ஆண்டில் பசில் காக்ரேன் என்பார் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தனியார் முயற்சியாக ஒரு கால்வாயை வெட்டுவித்தார். 1837இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர்ப் படிப்படியாக வடக்கும் தெற்கும் நீட்டப்பெற்றது. 1877-78இல் பெரும்பஞ்சம் நாட்டை வாட்டியபோது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 5 மைல் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதனால் வடகால்வாயும் தென்கால்வாயும் ஒன்றாயின. 1875 முதல் 1880 வரை சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் முதல் தமிழகத்து மரக்காணம் வரை 421 கிலோமீட்டர் நீளம் பெற்ற இக்கால்வாய், தனித்தனியே கிடந்த கழிகளை நூல் மணிகளைக் கோப்பதுபோலக் கோத்தது.

இவ்விடத்து ஒரு காலப் பொருத்தம் கருதத்தக்கது. ஆங்கில எழுத்தாளர் இராபர்ட்டு லூயி இசுடீவன்சன் 1876இல் நண்பர் ஒருவருடன் பெல்சிய, பிரஞ்சு நாட்டுக் கால்வாய்களிலும் ஆறுகளிலும் சிறுபடகு செலுத்திச் சென்று, அச்செலவை 1878இல் நூலாக வெளியிட்டார். மெல்லச் செல்லும் சரக்குப் படகின் வாழ்க்கையை அவர் அந்நூலில் விரும்பிப் பாராட்டினார். அதே ஆண்டுகளில் சென்னையில் பசித்தவர் கைகள் மண்ணை அகழ்ந்துகொண்டிருந்தன. மேலைநாட்டில் உல்லாசச் செலவுநூல் பிறந்த காலமும், நம் நாட்டில் அத்தகைய செலவுக்கு வேண்டிய நீர்வழி முழுமை பெற்ற காலமும் ஒன்றே. ஆயின் ஒன்று ஓய்விற் பிறந்தது, மற்றொன்று பஞ்சத்திற் பிறந்தது. கால்வாயில் மிதக்கும் எந்தத் தமிழ்ப் பாட்டையும் இவ்வேறுபாட்டை மறவாது படித்தல் திறனாய்வாளர் கடன்.

கால்வாயில் உப்பும் விறகும் பிறவும் சென்றன, மக்களும் சென்றனர். காற்று வாய்த்தவிடத்துப் பாய் விரித்தனர். ஆழம் குறைந்தவிடத்துக் கழி ஊன்றினர். இரண்டும் உதவாதவிடத்துக் கரைமேல் ஆட்கள் கயிற்றைத் தோளிலிட்டு இழுத்து நடந்தனர். எனவே தோணியின் விரைவு பெரும்பாலும் மனிதன் நடையின் விரைவே. ஆற்றுப்படையின் நடை இங்கே மறைந்துவிடவில்லை. தோணியில் இருப்பவனிடமிருந்து கரையில் இழுப்பவனிடம் மாறிற்று. உள்ளிருப்பவன் ஓய்வுபெற்றான், அவ்வோய்வே அவன் கண்ணுக்கு வேலை கொடுத்தது.

மாவலிபுரச் செலவு

பாரதிதாசனார் 1934இல் தோழர் பலருடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியில் சென்றார். அச்செலவே இப்பாட்டாயிற்று. இதனை இயற்கைப் பாட்டு என ஒரு சொல்லால் அடக்கிவிடுதல் எளிது, போதாது. இதன் அமைப்பை நோக்கின் இது தமிழ்ச் செலவிலக்கியத்தில் ஒரு திருப்பம் என்பது விளங்கும்.

முதலாவது, பெயர். 'செலவு' என்பது இன்று பணத்தைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. பழைய வழக்கில் அது போதலைக் குறித்தது. பாலைத்திணையில் செலவு என்றாலே பிரிவு. செலவழுங்குதல் ஒரு துறை. செல்பவன் கண்டதினும் இருப்பவள் துயரே ஆண்டுப் பெரிது. பாரதிதாசனார் அப்பழஞ்சொல்லை எடுத்து, அதிலிருந்து பிரிவை நீக்கித் தோழமையை ஏற்றினார். பாட்டின் பெயரும் ஊரின் பெயராக நில்லாமல் ஊரை நோக்கிய போதலின் பெயராகவே உள்ளது.

இரண்டாவது, பார்வை மாற்றம். பாட்டின் தொடக்கத்தில் கால்வாயும் அதில் ஓடும் தோணிகளும் கூறப்படுகின்றன. அத்தோணிகள் அன்னம் மிதப்பதுபோல் தோன்றுவதாகக் கவிஞர் சொல்கின்றார். இது பட்டினப்பாலையின் குதிரை உவமையோடு ஓரினத்தது: கரையில் நிற்பவனின் காட்சி. உடனே, அதே செய்யுளின் பின்பாதியில், தோழரும் தாமும் அவற்றுள் ஒன்றில் ஏறி அமர்கின்றனர். தோணி சென்னையை விட்டு நீங்கி விரைவு கொள்கின்றது. அன்னம் அத்தோடு மறைந்துவிடுகின்றது. மறைதல் இயல்பே, அன்னத்தின் மேல் அமர்ந்தவனுக்கு அன்னம் தெரியாது. அதன்பின் தெரிவன வெயிலின் பொன்னொளியும், குனிந்து நோக்கும் நீரும், வெளியும், மரங்களுமே. பழைய மரபு முழுவதும் நின்ற இடத்தில் ஒரு கணம் நின்று, பின் அதிலிருந்து நீரில் இறங்கி, கண்ணைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்ட செயல் ஒரே செய்யுளுக்குள் நிகழ்ந்துவிடுகின்றது. கவிஞர் இதனை எண்ணிச் செய்தாரோ என்பது வினாவன்று. செய்யுள் அவ்வாறு அமைந்துளது என்பதே கொள்ளத்தக்கது.

மூன்றாவது, தோணிக்கே உரிய காட்சி. குட்டைப் பனையொன்றும் கூந்தல் சரிந்த ஈந்தொன்றும் மட்டைகளாகிய கைகளைப் பிணைத்துக்கொண்டு இன்பமொழி பேசுவதாகவும், பனை கட்டுக்கடங்காது நகைப்பதாகவும் ஓரிடம் வருகின்றது. இதனை அஃறிணைப் பொருளை உயர்திணையாக்கும் அணி என்று மட்டும் கூறி நிறுத்தலாகாது. கால்வாய்க் கரையில் ஒன்றற்கொன்று சற்று விலகி நிற்கும் இரு மரங்களை, நீர்மட்டத்துக்குத் தாழ்ந்த இருக்கையிலிருந்து, நகர்ந்துகொண்டே நோக்குக. தொலைவில் தனித்தனியாகத் தெரிந்தவை, தோணி அணுக அணுக நெருங்கி, ஒரு கணம் மட்டையொடு மட்டை கோத்து நின்று, பின் பிரியும். நின்று காண்பவனுக்கு அவை என்றும் தனித்தனி மரங்கள். விரைந்து செல்பவனுக்கு அவை தோன்றுமுன் மறையும். நடையின் விரைவில் செல்லும் தோணியில் இருப்பவனுக்கே அவை கூடிப் பேசும் அளவு காலம் கிட்டும். இவ்வுருவகம் கவிஞரின் கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. தோணியின் விரைவிலும் பிறந்தது என்பது எம் கருத்து.

நான்காவது, சுவடி. தோழர் ஒருவர் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' என்னும் நூலைத் திறந்து சில பக்கங்களை ஆர்வத்தோடு படிக்கின்றார். 1930இல் வெளிவந்த அந்நூலும் பாரதிதாசனாரின் படைப்பே. குப்பனும் வஞ்சியும் மலையேறி மூலிகை தேடும் கதை. மலையேறும் கதை கால்வாயில் படிக்கப்படுகின்றது. ஆற்றுப்படைக் கூத்தர் யாழும் முழவும் சுமந்து நடந்தனர். நடக்கும்போது நூல் படித்தல் இயலாது. குலுங்கும் வண்டியிலும் அது அரிது. அலையற்ற நீரில் செல்லும் தோணியிலோ சுவடி விரியும். ஒருவர் படிக்கப் பலர் கேட்கலாம். தோணி ஓர் அவையாகிவிடுகின்றது. புலவன் ஒருவன் வள்ளலை நாடிச் செல்லும் பழைய வழியில் பாட்டு வழியின் முடிவில்தான் அரங்கேறும். பரிசிலும் அங்கேயே கிட்டும். இங்கே பாட்டு வழியிலேயே அரங்கேறுகின்றது, கேட்பாரும் உடன்செல்வாரே. வள்ளலுக்கு இடமில்லை. சுயமரியாதைக் கருத்தில் தோய்ந்த கவிஞர் ஒருவர்க்கு இச்செலவு ஏன் இனித்தது என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டா.

கால்வாய் புதுச்சேரி வரை நீள்வதாகக் கவிஞர் கூறுவதைப் பிழை எனக் காட்டுவார் இருக்கலாம். பொறியியல் கணக்கில் கால்வாய் மரக்காணத்தில் முடிந்தது. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் எனக் கருதப்படும் ஊர் அதுவே. ஆயினும் மரக்காணத்துக்குத் தெற்கே கழுவேலி நீர்ப்பரப்பு புதுச்சேரித் திசையில் நீள்கின்றது. கவிஞரோ புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். அவர்க்கு அந்நீர்வழி ஊர்திரும்பும் வழி. 2008இல் நடுவண் அரசு நான்காம் தேசிய நீர்வழியை அறிவித்தபோது, காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களோடு கழுவேலியையும் சேர்த்தே அறிவித்தது. பொறியியல் கணக்கினும் கவிஞரின் நிலவுணர்ச்சி சற்று முன்னே சென்றது எனலாம்.

மறைந்த வழியும் மங்கும் பாட்டும்

இத்திருப்பம் ஏன் ஒரு மரபாக வளரவில்லை? வழி மறைந்தமையே முதற்காரணம் என்போம். 1960களிலும் 1970களிலும் புயலும் வெள்ளமும் கால்வாயைச் சிதைத்தன. சாலையும் தொடர்வண்டியும் சரக்கைக் கவர்ந்தன. நெடுவழித் தோணிகள் நின்றன. சென்னை நகருக்குள் கால்வாய் கழிவுநீர் ஓடையாயிற்று. பறக்கும் தொடர்வண்டியின் தூண்கள் அதன் மார்பிலேயே ஊன்றப்பட்டன. 1971இல் தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' நம் காலத்துச் சிறந்த ஆற்றுச்செலவு நூல். ஆயினும் அது கரைவழியே ஆற்றைத் தொடரும் நூல். படகிலிருந்து கரையைக் காணும் கண் மீண்டும் கரைக்கே திரும்பிவிட்டது.

ஏலகிரிப் பகுதியின் நிலை இதனை வேறொரு வகையில் உணர்த்தும். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை ஓடிய தொடர்வண்டியே தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை. பின்னர் அது சோலையார்பேட்டை வழியாக ஏலகிரி அடிவாரத்தைக் கடந்து மேற்கே சென்றது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் நிலவழியிலேயே சென்றது. பாலாறு அதனைச் சுமக்கவில்லை. பாலாறு சுமந்தது தோல் பதனிடுதலின் கழிவை. அதுபற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு நாடறிந்தது. ஏலகிரி உச்சியில் புங்கனூர் ஏரியில் படகுகள் உள்ளன. அமைக்கப்பட்ட அவ்வேரியில் மக்கள் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய துறையிலேயே இறங்குகின்றனர். அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அது செலவன்று. அப்படகை மட்டும் அறிந்த மாணவன் ஒருவன் 'மாவலிபுரச் செலவை'ப் படிக்குங்கால், தோழர்கள் ஏறிய இடமும் இறங்கிய இடமும் வேறு என்பதன் பொருளையே தவறவிடக்கூடும்.

ஈண்டே இவ்வாராய்ச்சியின் தேவை உளது. பஃறி யாது, அம்பி யாது என நாம் இன்று உரைகாரரை வினவுகின்றோம். அவர்களுக்கும் பலவிடத்து ஐயமே. நூறாண்டு கூட நிரம்பாத பாரதிதாசனார் பாட்டுக்கும் அந்நிலை வருதல் கூடும். அவர் ஏறிய தோணியின் உறுப்புகளுக்கு என்ன பெயர்? கழி ஊன்றுவோனையும் கயிறு இழுப்போனையும் தோணித்தலைவன் எச்சொல்லால் விளித்தான்? எதிர்வரும் தோணிக்கு வழிவிடும் முறை யாது? கயிறு இழுப்போர் பாடினரா? பாடினரெனின் எப்பாட்டு? 1924 முதல் 1936 வரை வெளிவந்த தமிழ்ப் பேரகராதி கால்வாய் உயிரோடிருந்த காலத்ததே. எனினும் தொழிலாளர் வாய்ச்சொல்லைத் தேடித் தொகுத்தல் அதன் முதல் நோக்கமன்று. கால்வாயில் இளைஞராகத் தொழில் செய்தோர் இன்று மிக முதியோர். கோவளம், சதுரங்கப்பட்டினம், மரக்காணம் ஆகிய ஊர்களில் அவர்களைத் தேடிக் கேட்டல் இன்னும் சிலவாண்டுகளே இயலும். முதுகலை மாணவர்க்கு இதனினும் பயனுள்ள களப்பணி வேறு இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. ஏட்டுச்சுவடியைச் செல்லரிப்பதற்குமுன் படியெடுத்த சான்றோர் மரபில் வந்த நாம், வாய்ச்சொல் மறையுமுன் படியெடாது விடுதல் தகாது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. சங்க இலக்கியத்தில் படகு மிகுதி. படகுச் செலவு அரிது. படகு கரையிலிருந்து காணப்படும் பொருளாகவோ கடக்கும் கருவியாகவோ நிற்கின்றது. அதற்குக் காரணம் தமிழர் நீருக்கு அஞ்சினர் என்பதன்று. கழிகள் தொடர்பற்றுக் கிடந்தன என்பதே. பஞ்சகாலத்து உழைப்பால் முழுமையுற்ற கால்வாய் அவற்றைத் தொடுத்தபின், படகினுள்ளிருந்து கரையைக் காணும் பார்வை பிறந்தது. யாம் ஆராய்ந்த அளவில், அப்பார்வையைத் தமிழ்ச் செய்யுளில் நிலைநாட்டியது 'மாவலிபுரச் செலவு'. அது ஆற்றுப்படையின் நடையைத் தோணியின் நடையாகவும், வள்ளலை நாடும் செலவைத் தோழமைச் செலவாகவும் மாற்றியது. ஆகவே அதனைத் தனித்து நிற்கும் இயற்கைப் பாட்டாக அன்றி, மலைபடுகடாம் முதலியவற்றோடு ஒருங்கு வைத்துச் செலவிலக்கியமாகக் கற்பித்தல் வேண்டும்.

ஒரு பாட்டுக்கு உரை எழுதுதல் அதன் சொற்களுக்கு மட்டும் பொருள் எழுதுதலன்று. அதைச் சுமந்த நீருக்கும் எழுதுதலாகும். கால்வாய் மீண்டும் தோணிக்கு வழியாகுமோ என்பது அரசும் பொறியாளரும் விடைகூற வேண்டிய வினா. அதில் ஓடிய தோணியின் சொல்வழக்கும் செலவுமரபும் நம் இலக்கிய வரலாற்றில் உரிய இடம் பெறுமா என்பதோ நாம் விடைகூற வேண்டிய வினா. அதற்கு விடை தாமதித்தலாகாது என்பதே எம் துணிபு.